வலி நின்ற செவ்வாய்க்கிழமை

தொழிற்சாலை டிஸ்பென்சரியில் நர்ஸாகச் சேர்ந்தவுடன் உங்களுக்கு முதலில் எதைச் சொல்லித் தருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு முதலில் சொல்லித் தந்தது பொய்யைக் கண்டுபிடிக்க. ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது, கண்ணில் விழுந்த இரும்புத் தூளை எடுப்பது எல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும். யுத்த காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரி வார்டில் நின்றவள் நான். பெங்களூரில் அடுகோடிப் பக்கம் தண்ணீர்ப் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு ஐம்பதுகளின் நடுவில் வந்து சேர்ந்தேன். "சிஸ்டர், இங்க நோயாளி பாதி, நடிகர் பாதி. பிரிச்சு அனுப்பறதுதான் உங்க வேலை" என்று சொல்லித்தான் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

அந்த வேலையில் நான் சீக்கிரமே கெட்டிக்காரி ஆகிவிட்டேன். முதுகு வலி என்று வருகிறவன் முன்னால் பென்சிலைக் கீழே தவற விடுவேன். "அச்சச்சோ" என்று குனிந்து எடுத்துக் கொடுத்தானானால் அவன் கதை முடிந்தது. நொண்டிக்கொண்டு வெளியே போகிறவனை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். பல பேருடைய நொண்டல் சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும்தான் தாங்கும். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். "என்னப்பா, கால் அதுக்குள்ள முளைச்சிடுச்சா?" என்று ஜன்னலிலிருந்தே கத்துவேன். ஒர்க்‌ஷாப்பே சிரிக்கும். நர்ஸிங் படிக்கிற பிள்ளைகள் நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. கேட்டு முடித்த பிறகு சிரிக்க மாட்டீர்கள்.

டாக்டர் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை இருப்பார். அப்புறம் வேறு இரண்டு தொழிற்சாலைகளுக்குப் போய்விடுவார். மீதி நேரம் முழுக்க நான்தான். எங்களிடம் மூன்று நிறத்தில் சீட்டு உண்டு. சிவப்பு என்றால் வீட்டுக்குப் போய்ப் படு. மஞ்சள் என்றால் உட்கார்ந்த வேலை. வெள்ளை என்றால் குணமாகிவிட்டது, பழைய வேலைக்குத் திரும்பு. எழுதுவது நான், டாக்டர் கட்டாக வைத்துக்கொண்டு வரிசையாகக் கையெழுத்துப் போடுவார். பெரும்பாலும் படித்துக்கூடப் பார்க்க மாட்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஏகாம்பரம் பெரிய லேத்தில் வேலை பார்த்தவர். முப்பத்தாறு, முப்பத்தேழு வயதிருக்கும். ஆஸ்டின் டவுனில் ஒற்றை அறை வீடு. அதில் மனைவி கன்னியம்மா, இரண்டு பெண் குழந்தைகள், மாமியார். வாயைத் திறக்காத மனுஷன். ஒரு திங்கட்கிழமை காலையில், இரண்டு பேர் தூக்க வேண்டிய இரும்பு வார்ப்பை ஒற்றை ஆளாகத் தூக்கித் திருப்பினார். அப்படியே குனிந்த நிலையில் நின்றுவிட்டார். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நான்கு பேர் அவரை மேஜை தூக்குவதைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சட்டை முழுக்க வியர்வை. இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் இடது காலில் நெருப்பு ஓடுவதாகச் சொன்னார். நான் பென்சிலைத் தவறவிடவில்லை. அது நிஜம் என்பதற்கு என் சோதனை எதுவும் தேவைப்படவில்லை.

டாக்டர் பார்த்தார். முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவில் இருக்கும் மெத்தை பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். பன்னுக்கு நடுவில் வெண்ணெய் வைத்து அழுத்தினால் ஓரத்தில் வெளியே வருமே, அந்த மாதிரிதான். முக்கால்வாசிப் பேருக்கு அது படுக்கையில் கிடந்தாலே அடங்கிவிடும் என்றும் சொன்னார். அது உண்மைதான், இன்றைக்கும் உண்மை. மூன்று நாள் சிவப்புச் சீட்டு. வெள்ளிக்கிழமை வந்தபோது மஞ்சள் கொடுத்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் மஞ்சள் சீட்டுக்கு உட்கார்ந்த வேலை என்றால், குட்டை முக்காலியில் குனிந்து உட்கார்ந்து தட்டில் போல்ட்டும் நட்டும் பொறுக்குவது. கனமான வேலை இல்லையே, உட்கார்ந்துதானே இருக்கிறான் என்பது எங்கள் எண்ணம். பிதுங்கிய மெத்தைக்கு நிற்பதைவிட அப்படி உட்காருவது மோசம் என்று எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. நோய்க்காக வைத்த வேலையே நோயை வளர்த்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் அவர் அந்த முக்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். திங்கட்கிழமையும் உட்கார்ந்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் டிஸ்பென்சரிக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு! ஒரு வாரமாக நான் பார்க்காத சிரிப்பு.

"எப்படிப்பா இருக்கு வலி?" என்றேன்.

"வலி சுத்தமா போயிடிச்சி சிஸ்டர். ராத்திரி தூங்கினேன். காலு காத்து மாதிரி கீது."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல சிஸ்டர். அந்த முக்காலி மட்டும் வேணாம். லேத்துக்கே போறேன்."

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. கத்துகிறவன் பாதி பொய், கத்தாமல் வியர்க்கிறவன் நிஜம், சிரிக்கிறவன் குணம். வெள்ளைச் சீட்டை இழுத்தேன், எழுதினேன், கட்டில் வைத்தேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை நான்.

புதன்கிழமை மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். ஃபோர்மன் ஒரு காகிதத்தோடு வந்தார். அவர் மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். தமிழில் கன்னடத்தைக் கலந்து பேசுவார். பின்னாலேயே கரீம் பாயும் வந்து வாசலில் நின்றார். எங்கள் தொழிற்சாலையில் கக்கூஸுக்குப் போக வேண்டுமென்றால் கதவருகே உட்கார்ந்திருக்கும் ஆளிடம் நம்பர் போட்ட பித்தளை வில்லையை வாங்கிக்கொண்டு போக வேண்டும். போன நேரமும் வந்த நேரமும் ஒரு சிலேட்டில் ஏறும். அந்தச் சிலேட்டுக்காரர்தான் சிவாஜிநகர் கரீம் பாய்.

"நோடி, பாருங்க சிஸ்டர்" என்று காகிதத்தை என் மேஜைமேல் வைத்தார் ஃபோர்மன். "உங்க ஏகாம்பரம். நேத்திலிருந்து பதினோரு தடவை வில்லை வாங்கிருக்கான். ஒவ்வொரு தடவையும் கால் மணி, இருபது நிமிஷம். மிஷின் சும்னே ஓடுது. நீங்க வெள்ளைச் சீட்டு கொடுத்துட்டீங்க. வியாதி ஒண்ணும் இல்லேன்னு இதுல ஒரு வரி எழுதிக் கொடுங்க. சஸ்பெண்ட் பண்ணிடறேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் தெரியுமா? ஏகாம்பரத்தின்மேல். நம்பிச் சீட்டுக் கொடுத்தால் என் பெயரையே கெடுக்கிறானே என்று. பேனாவைத் திறந்தேன். 'நோய் ஏதும் இல்லை' என்று எழுத ஆரம்பித்து, 'நோய்' வரைக்கும் எழுதியும் விட்டேன்.

"சிஸ்டர், ஒரு நிமிசம்" என்றார் கரீம் பாய். கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டுதான் பேசினார். "அவன் உள்ள பீடி குடிக்கல. நான் போயி பாத்தேன். சும்மா நின்னுக்கினே கீறான். செவுத்துல கைய வச்சிக்கினு முக்கறான். வரமாட்டேங்குது."

"என்ன வரமாட்டேங்குது?"

அவருக்கு என் எதிரில் அந்தச் சொல்லைச் சொல்லக் கூச்சம். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒண்ணுக்கும்மா. சொட்டு சொட்டா வுழுது. பேண்ட்டு நனைஞ்சி போச்சி. நான்தான் காட்டினேன். அவனுக்கு நனைஞ்சதே தெர்ல."

நனைந்ததே தெரியவில்லை.

ராணுவ வார்டில் லாரியிலிருந்து விழுந்த ஒரு சிப்பாயைப் பார்த்திருக்கிறேன். அவனும் வலி போய்விட்டது என்று சந்தோஷப்பட்டான். மறுநாள் படுக்கை நனைந்தது அவனுக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் அவன் வாழ்நாள் முழுவதும் தெரியவே இல்லை. அது எனக்குத் தெரிந்த விஷயம், பிள்ளைகளே! தெரியாமல் தவறு செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியே கிடையாது. பொய்யைத் தேடித் தேடி, தெரிந்ததை மறந்துபோயிருந்தேன்.

"உடனே கூட்டிட்டு வாங்க பாய். நடக்க விடாதீங்க, தாங்கிப் பிடிச்சுக்கிட்டு வாங்க" என்றேன்.

ஏகாம்பரம் வந்தார். இடது பாதம் தரையில் தேய்ந்தது. வலது காலில் செருப்பு இருந்தது, இடது காலில் இல்லை.

"செருப்பு எங்கப்பா?"

குனிந்து பார்த்தார். "தெர்ல சிஸ்டர்" என்றார். எனக்கு எதிரே தெரிந்த பாதையில் பத்தடி தள்ளி அது கிடந்தது. கழன்று விழுந்ததைக் கால் அவருக்குச் சொல்லவில்லை.

ஃபோர்மனை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். பாயை உள்ளேயே இருக்கச் சொன்னேன். ஏகாம்பரத்தைக் கட்டிலில் படுக்க வைத்து அடிவயிற்றில் கை வைத்தேன். தொப்புள் வரைக்கும் கெட்டியாக ஏறியிருந்தது. சாதாரணமாக அந்த அளவுக்கு மூத்திரம் நிரம்பினால் மனுஷன் சுவரில் ஏறிக் கத்துவான். இவர் அமைதியாகப் படுத்திருந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல சிஸ்டர்."

"சரி, திரும்பிப் படு. பேண்ட்டைக் கொஞ்சம் இறக்கு."

மாட்டேன் என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் அப்போது கல்யாணமாகாதவள், முப்பது வயதுகூட ஆகவில்லை. கதவுக்கு வெளியே ஃபோர்மன் நிற்கிறார். நாளைக்கு இதை வைத்து என்னவெல்லாம் பேசுவார்கள் என்று ஒரு கணம் எனக்கும் ஓடியது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

"இதோ பாரு ஏகாம்பரம். நீ வெக்கப்பட்டா உனக்குக் காலு போயிடும். காலு மட்டுமில்ல. புரியுதா?" என்று அதட்டினேன். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு கையை எடுத்தார். தோள் குலுங்கியது. பாய் அவர் தலையில் கை வைத்து, "ஒண்ணும் இல்லப்பா, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

தலைத் துணியில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிச் சுடுதண்ணீரில் துடைத்தேன். "இப்ப லேசா குத்துவேன். தெரிஞ்சா சொல்லு" என்றேன். முதலில் வலது தொடையின் வெளிப்பக்கம். "தெரியுது" என்றார். அப்புறம் இரண்டு தொடைகளின் உள்பக்கம், பிட்டத்தின் நடுப்பகுதி. சைக்கிளில் ஏறினால் சீட்டு எங்கே படுமோ அந்த இடம் முழுக்கக் குத்திக்கொண்டே வந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார்: "எப்ப சிஸ்டர் குத்தப் போறீங்க?"

அதற்குள் ஆறு தடவை குத்தியிருந்தேன். ஒரு இடத்தில் துளி ரத்தம் வந்திருந்தது.

முதுகின் அடியில் நரம்புகள் ஒரு கட்டாகக் கீழே இறங்குகின்றன. மெத்தை ஓரமாகப் பிதுங்கினால் ஒரு நரம்பு நசுங்கும், காலில் நெருப்பு ஓடும், பொறுத்திருக்கலாம். நடுவில் பெரிதாகப் பிதுங்கினால் கட்டு மொத்தமும் நசுங்கும். அப்போது வலி குறையும். வலியைச் சொல்ல வேண்டிய நரம்பே பேச்சை நிறுத்திவிடுகிறது. நேற்றுக் காலை அந்த மனுஷன் சிரித்ததற்கு அதுதான் காரணம். அதைப் பார்த்துத்தான் நான் வெள்ளைச் சீட்டு எழுதினேன். ஒன்றரை நாள் போய்விட்டது. இன்னும் எத்தனை மணி நேரம் மிச்சம் இருக்கிறது என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

ஆபீசுக்கு ஓடிப்போய் டாக்டருக்கு போன் போட்டேன். முதல் தொழிற்சாலையில் கிளம்பிவிட்டார் என்றார்கள். இரண்டாவதில் இன்னும் வரவில்லை என்றார்கள். மறுபடி போட்டேன். லைன் கிடைக்கவில்லை. மேனேஜர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. தொழிற்சாலையில் இருந்தது ஒரே ஒரு வேன். அதில் பம்புகளை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்குள் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் இறக்கியாக வேண்டும். டாக்டர் கையெழுத்து இல்லாமல் நோயாளியை வேனில் ஏற்றக்கூடாது என்பது விதி. சாவி ஃபோர்மனின் இடுப்பில்.

"நாளைக்குக் காலையில டாக்டர் வருவாரல்ல சிஸ்டர்" என்றார் அவர். கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே பதில் சொல்ல ஆள் இருந்தது. "ஒரு ராத்திரிதானே. உங்ககிட்ட ரப்பர் குழாய் இருக்குல்ல, அதைப் போட்டு எடுத்து விட்டுடுங்க. ஆராமா படுத்துக்கட்டும்."

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. குழாய் அலமாரியில் இருந்தது, எனக்குப் போடவும் தெரியும். போட்டால் வயிறு வற்றும், ஏகாம்பரம் எழுந்து உட்கார்ந்து டீ கேட்பார். டீ குடிக்கிற ஆளுக்காக யார் வேனிலிருந்து பம்பை இறக்குவார்கள்? நான் குழாயைத் தொடவில்லை. ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டேன். அது சரியா என்று எனக்குள் ஒரு வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. உங்களில் யாராவது அது தப்பு என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

"ஒரு ராத்திரி அந்த ஆளுகிட்ட இல்ல சார்" என்றேன்.

"நேத்து நீங்கதானே குணமாயிடுச்சின்னு எழுதினீங்க?" என்றார் அவர். குரலில் கிண்டல் இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. நேற்று வெள்ளை, இன்று ஆபத்து, எதை நம்புவது?

அந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். 'நேற்று நன்றாகத்தான் இருந்தான், இன்றைக்குத் திடீரென்று ஆகிவிட்டது' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அப்படிச் சொன்னால் அவர், 'திடீரென்று வந்தது திடீரென்று போகும், காலையில் பார்ப்போம்' என்பார். அவரை அசைக்க என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது.

அவர் கொண்டுவந்த காகிதத்தையே எடுத்தேன். 'நோய்' என்று எழுதி நிறுத்தியிருந்தேன் அல்லவா, அதைத் தொடர்ந்து எழுதினேன். 'நோய் முற்றியது நேற்றுக் காலையே. நான் பரிசோதிக்காமல் வெள்ளைச் சீட்டு எழுதினேன். தவறு என்னுடையது. இவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பாவிட்டால் ஆயுளுக்கும் ஊனமாவார்.' முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டு, மணியையும் எழுதி நீட்டினேன். என் பெருமையெல்லாம் அந்த நாலு வரியில் போனது. வேலையும் போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

ஃபோர்மன் இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு வேன் பக்கம் திரும்பி, "லோடு இறக்ரோ! எல்லாத்தையும் இறக்குங்க, பேக பேக, சீக்கிரம்!" என்று போட்ட சத்தத்தில் ஒர்க்‌ஷாப்பே திரும்பிப் பார்த்தது.

ஒரு பலகையில் ஏகாம்பரத்தைப் படுக்க வைத்துக் கட்டி, வேனின் தரையில் வைத்தோம். பக்கத்தில் நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். ஓசூர் ரோட்டில் மாட்டு வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு குழிக்கும் நான் பலகையை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடப்பேனா சிஸ்டர்?"

"பாக்கலாம்."

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இது... இப்படியே ஒழுகிக்கினே இருக்குமா? ஒரே ரூம் சிஸ்டர். பொண்ணுங்க வளருதுங்க. மாமியார் வேற அங்கதான் படுக்குது" என்றார்.

நடப்பதைவிட அவர் அதற்குத்தான் பயந்தார். "தெரியாதுப்பா. அதுக்குத்தான் ஓடறோம்" என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த இளம் டாக்டர், "முதுகு வலியா? வார்டுல போடுங்க, காலையில ரவுண்ட்ஸ்ல பாப்பாங்க" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்! தலைத் துணியிலிருந்த ஊக்கைக் கழற்றி அவர் கையில் திணித்தேன். "நீங்களே குத்திப் பாருங்க சார். அவர் 'ஆ'ன்னு சொன்னா நான் இப்பவே திருப்பிக் கூட்டிட்டுப் போறேன்." குத்திப் பார்த்தார். முகம் மாறியது. உள்ளே ஓடி, ராணுவத்தில் இருந்து வந்த பெரிய சர்ஜன் ஒருவரைக் கையோடு அழைத்து வந்தார்.

அந்தச் சர்ஜன் நோயாளியிடம் கேட்டது ஒரே கேள்வி: "வலி எப்ப நின்னுச்சு?"

"நேத்து வெடிகாலையில சார்."

என் பக்கம் திரும்பினார். "நேத்து இவரை யார் பாத்தது?"

"நான்தான் சார். குணமாயிட்டதுன்னு எழுதினேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லு. இருட்டறதுக்குள்ள ஆரம்பிக்கணும்" என்று இளம் டாக்டரிடம் சொல்லிக்கொண்டே நடந்தார்.

கரீம் பாய் சைக்கிளில் ஆஸ்டின் டவுனுக்குப் போய்ச் செய்தி சொல்லி, கன்னியம்மா வந்து சேர்ந்தாள். என்ன ஆயிற்று என்று அவளுக்கு நான்தான் சொன்னேன். என் வெள்ளைச் சீட்டைச் சொல்லவில்லை. ஃபோர்மனிடம் எழுதிக் கொடுத்தவளுக்கு அவளிடம் வாய் வரவில்லை. சர்ஜன் வெளியே வந்து, "நசுக்கினதை எடுத்துட்டேன். நரம்பு திரும்பறது அதோட இஷ்டம். மூத்திரக் குழாயை ரெண்டு வாரம் கழிச்சு எடுப்போம். தானா போனா நல்லது. போகலேன்னா எப்பவுமே குழாய்தான்" என்றார்.

அந்த இரண்டு வாரம் நான் என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்காதீர்கள். தினமும் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போவேன். வலது கால் பலத்தோடு அசைந்தது. இடது பாதம் தொங்கியே கிடந்தது. டிஸ்பென்சரியில் என் டாக்டர் என்னிடம் அதிகம் பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு சீட்டையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை. நான் எழுதிய காகிதத்தை ஃபோர்மன் யாரிடமும் காட்டவே இல்லை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இரண்டு வாரம் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயை எடுத்தார்கள். நானும் கன்னியம்மாவும் வார்டுக்கு வெளியே வராந்தாவில் நின்றோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. உள்ளே அவர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். பதினோரு மணிக்குக் கன்னியம்மா உள்ளே போனாள். மூன்று மணி நேரம் ஆகியும் ஒன்றுமில்லை என்றால் மறுபடி குழாய் போட்டுவிடுவார்கள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

திடீரென்று கதவு படாரென்று திறந்தது. கன்னியம்மா முந்தானை தரையில் இழுபட ஓடி வந்தாள். வராந்தாவில் டாக்டர்கள், கிறிஸ்தவ சாமியார் ஒருவர், சாப்பாட்டுக் கூடையோடு உறவுக்காரர்கள் என்று ஒரு கூட்டமே இருந்தது. அவளுக்கு யாரும் கண்ணில் படவில்லை.

"போயிட்டாரு சிஸ்டர்! ஒண்ணுக்குப் போயிட்டாரு! தானாவே போயிட்டாரு!"

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். கல்யாணச் செய்திக்குக்கூட அந்த வராந்தாவில் அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். இடது பாதம் கடைசிவரைக்கும் முழுதாகத் திரும்பவில்லை. ஒரு நாள் முன்னால் அனுப்பியிருந்தால் திரும்பியிருக்குமா என்று சர்ஜனிடம் கேட்டேன். "இருக்கலாம்" என்றார். அந்த 'இருக்கலாம்' என்னோடுதான் இருக்கிறது, பென்ஷன் வாங்கின பிறகும். முதுகு வலி என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அவசரம் எதுவும் இல்லை, பயமுறுத்தாதீர்கள். ஆனால் எவ்வளவு வலி என்று மட்டும் கேட்டு அளக்காதீர்கள். கால் கட்டைவிரலைத் தூக்கச் சொல்லுங்கள். சைக்கிள் சீட்டு படும் இடம் மரத்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஒழுங்காகப் போகிறதா என்று அந்தச் சொல்லையே போட்டுக் கேளுங்கள். நேற்றுவரை துடித்தவன் இன்றைக்குச் சிரித்துக்கொண்டு வந்தால் இன்னும் கூடுதலாகக் கேளுங்கள்.

நான்கு மாதம் கழித்து ஏகாம்பரம் வேலைக்கு வந்தார். லேத்தில் நிற்க முடியாது. ஸ்டோர் ரூமில் வேலை கொடுத்திருந்தார்கள். முதல் நாள் டிஸ்பென்சரிக்கு வந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேஜையில் வைத்தார். என் உயிரைக் காப்பாற்றினீர்கள் என்றார். எனக்குத் தாங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை நான் பார்க்காமல் எழுதியது, அதனால்தான் லேத்துக்குப் போனது, அந்த ஒன்றரை நாள், எல்லாம்.

அவர் கேட்டுக்கொண்டு நின்றார். இடது பாதத்தைக் கையால் சற்று நகர்த்தி நேராக வைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. அதனால் நானாகவே எனக்கு ஒரு சமாதானம் தேடினேன்.

"ஒரு பொம்பளைகிட்ட அதையெல்லாம் எப்படிச் சொல்வீங்கன்னுதான் நானும் நினைச்சுக்கிட்டேன். நான் கேட்டிருந்தாலும் நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க, இல்லையா?" என்றேன்.

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னார்.

"சொல்லியிருப்பேன் சிஸ்டர். செவ்வாக்கெழமையே அங்க மரத்துத்தான் கெடந்திச்சி. நீங்க வலி எப்படின்னு கேட்டீங்க. வலி இல்ல. அதான் இல்லன்னேன்."